பஸ்ஸ ஜோடிச்சு கோயில் கொடைக்கு போறவங்களுக்கு: விடிய விடிய வில்லுப்பாட்டு கேக்கணும்னா

பஸ் வாடகை எவ்வளவு, பூ எவ்வளவுன்னு பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஊருக்கு ஒரு போன் போட்டு வில்லு, அதான் கொடைல கதை பாடற வில்லுப்பாட்டு, எத்தன மணிக்கு ஏறுதுன்னு கேட்டுக்கிடுங்க. இத ஏன் மொதல்ல சொல்லுதேன்னா, பாளையங்கோட்டையில இருந்து எங்க குடும்பக் கோயில் கொடைக்கு வருசா வருசம் பஸ் ஏற்பாடு பண்ற வேலை ரொம்ப நாளா என் தலையில தான் இருக்கு, ஆரம்பத்துல எல்லாம் பஸ்ஸ அம்மன் சப்பரம் மாதிரி ஜோடிச்சு, வழியெல்லாம் பாட்டு போட்டு, ராத்திரி 11 மணிக்கு ஊர் போய் எறங்குவோம். அதுக்குள்ள கதை பாதி தாண்டிரும். ஒரு வருசம் முத்துப்பட்டன் கதை கேக்கணும்னு ஆசையா வந்த எங்க ஆச்சி பக்கத்துல இருக்கவங்ககிட்ட "பட்டன் எங்க போயிட்டான், பொம்மக்காள பாத்தாச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்த ஒரு ராத்திரிக்கு அப்புறம் தான் நான் எல்லாத்தையும் வில்லுல இருந்து பின்னாடி எண்ண ஆரம்பிச்சேன். வில்லு 8 மணிக்கு ஏறுதுன்னா நாம 6 மணிக்கு ஊர்ல இருக்கணும், அப்ப பஸ் 4 மணிக்கு கெளம்பணும், அப்ப ஜோடனை 3 மணிக்கு முடியணும், அப்ப பூ காலையிலேயே வந்துரணும்.

கொடைன்னா என்னன்னு தெரியாம வெளியூர்ல வளந்த பிள்ளைங்களும் பஸ்ல வருவாங்க, அவங்களுக்காக சுருக்கமா சொல்லிருதேன். நம்ம பக்கம் சித்திரைல இருந்து ஆவணி வரைக்கும் ஊருக்கு ஊரு கொடை, அதாவது கோயில்ல சாமிக்கு எடுக்கற திருவிழா, நடக்கும். அம்மன் கோயில்னா பெரும்பாலும் செவ்வாய்க்கெழம, சொடலைமாடன் கோயிலுக்கு வெள்ளிக்கெழமைன்னு வைக்கறது நெறய எடத்துல வழக்கம். மொத நாள் சாயங்காலம் சாமிய கூப்பிடற குடியழைப்பு, மறுநாள் தீர்த்தம், பால்குடம், மத்தியான கொடை, நடுராத்திரி சாமக்கொடை, அதுக்கடுத்த நாள் காலையில பொங்கல், படைப்பு. வில்லு இந்த எல்லாத்துக்கும் ஊடால ஓடும். ஒரே நாள் தான் லீவு கெடைக்கும்னா சாமக்கொடை ராத்திரிய பிடிங்க, அதுல தான் வில்லும் மேளமும் சாமியும் ஒண்ணா சேரும்.

இனி பஸ். 20 பேருக்குள்ளன்னா வேன் போதும், அதுக்கு மேலன்னா பஸ்ஸே பிடிச்சிருங்க, ரெண்டு வேனா போனா ஒரு வேன் எப்பவும் பின்தங்கும். மஞ்ச போர்டு வண்டியான்னு பாருங்க. சொந்தக்காரர் வண்டி, ஸ்கூல் வண்டின்னு சும்மா எடுத்துட்டு போகாதீங்க, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல இழுபறி ஆயிரும். ரூட் பஸ் எடுத்தா அதுக்கு தனியா தற்காலிக பெர்மிட் போடணும், அத ஓனரே ஆர்டிஓ ஆபீஸ்ல போட்டுருவாரு, ஆனா போட்டாச்சான்னு நாம தான் ஒரு வாரத்துக்கு முன்னாடியே கேக்கணும். அரசு பஸ்ஸயும் மொத்தமா வாடகைக்கு எடுக்கலாம், ஆனா அதுல ஆணி அடிக்க கம்பி முறுக்க விடமாட்டாங்க, நியாயம் தான். அட்வான்ஸ் குடுக்கும்போதே மூணு விஷயம் பேசிருங்க. பஸ்ஸ ஜோடிப்போம், ராத்திரி பூரா பஸ் ஊர்ல நிக்கும், டிரைவர் தூங்க எடம் நாங்க குடுப்போம். இந்த மூணாவது விஷயத்துக்கு பின்னாடி வாரேன், எல்லாத்துலயும் முக்கியம் அது தான்.

ஜோடனைக்கு வருவோம், இதுல தான் எனக்கு சொல்ல நெறய இருக்கு. வாழைமரம் ரெண்டு, குலையோட இருந்தா அழகு, ஸ்ரீவைகுண்டம் ஏரல் பக்கம் தெரிஞ்சவங்க இருந்தா மொத நாளே சொல்லி வச்சிருங்க. ஆனா குலையோட மரம் நல்ல கனம், பஸ் குதிக்கும்போது ஆடி ஆடி கட்டு நழுவும், அதனால அடில ஒரு கட்டு, நடுவுல ஒரு கட்டு, மேல ஒரு கட்டுன்னு மூணு எடத்துல பம்பரோட சேத்து கட்டணும். கட்டுக்கம்பி நேரா பெயிண்ட்ல உரசுனா ஓனர் முகம் மாறிரும், கீழ பழைய காடாத்துணி சுத்திட்டு அதுக்கு மேல சணல் கயிறு போடுங்க. மரம் ஹெட்லைட்ட மறைக்கக்கூடாது, இண்டிகேட்டர மறைக்கக்கூடாது, நம்பர் போர்டு தெரியணும். இன்னொண்ணு, நெறய பேரு இத யோசிக்கறதே இல்ல, இன்ஜின் முன்னாடி இருக்க பஸ்ல முன் கிரில்லுக்கு பின்னாடி தான் ரேடியேட்டர் இருக்கும், அது மேல அம்மன் படம் போட்ட ஃப்ளெக்ஸ இழுத்து கட்டுனா காத்து உள்ள போகாது. ஒரு வருசம் நாங்க அப்படி கட்டி மூன்றடைப்பு தாண்டங்குள்ள வண்டி சூடாகி ரோட்டோரம் நின்னுட்டோம், ஃப்ளெக்ஸ அவுத்துட்டு ஆற விட்டு கெளம்ப முக்கா மணி நேரம் போச்சு. அம்மன் படத்த கண்ணாடிக்கு மேல ஊர் பேர் எழுதற எடத்துல வைங்க, அது போதும், பாக்கவும் அது தான் லட்சணம்.

பூ கொஞ்சமா வேணும்னா திருநெல்வேலி ஜங்ஷன்லயே வாங்கிக்கிடலாம். நெறய வேணும்னா தோவாளை பூச்சந்தைக்கு விடியங்காட்டியும் ஆள் அனுப்புறது தான் சரி, போக வர செலவு போக மிச்சம் பிடிக்கலாம். கேந்திங்கற செண்டுமல்லியும் செவ்வந்தியும் வெயில் தாங்கும், பிச்சி மல்லிய வெளிய கட்டாதீங்க, ஒரு மணி நேரத்துல வதங்கிரும், அத பொம்பளையாளுக தலைக்கும் சாமிக்கும் வச்சிக்கிடுங்க. வேப்பிலைய ஈரச்சாக்குல சுத்தி நெழல்ல வச்சிருந்து கடைசியா கட்டணும். என்னய கேட்டா எல்லாத்தையும் விட நம்ம தென்னங்குருத்து தோரணம் தான் பஸ்ஸுக்கு ராசி. காசு கம்மி, காத்துல சலசலன்னு சத்தம் குடுக்கும், பிய்யாது, ஊர்ல மடிச்சு கட்டத் தெரிஞ்ச பெருசுக இன்னும் இருக்காங்க, அவங்கள ரெண்டு நாள் முன்னாடி உக்கார வச்சு பிள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்க சொல்லுங்க. பிளாஸ்டிக் மாலை வாங்கி மாட்டுறத விட இது எவ்வளவோ மேல்.

ஆனி ஆடி கொடைன்னா காத்த மறக்காதீங்க. நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி பக்கம் போகப் போக மலை இடுக்கு வழியா அடிக்கற காத்து சும்மா இல்ல, அதுக்காக தான அங்ஙன வரிசையா காத்தாடி மில்லு நட்டு வச்சிருக்கான். பக்கவாட்டுல பெருசா பேனர் கட்டுனீங்கன்னா அது பாய்மரம் மாதிரி ஆயிரும், வண்டிய ஒரு பக்கமா இழுக்கும். கட்டியே ஆகணும்னா ஊடால ஊடால அரை நிலா மாதிரி கீறி விடுங்க, காத்து அது வழியா போயிரும். ஒசரத்தையும் பாக்கணும். பஸ் கூரைக்கு மேல எதையும் நட்டமா நிறுத்தாதீங்க, கொடியும் வேண்டாம், மரமும் வேண்டாம். நாலு வழிச்சாலைல ஒண்ணும் தெரியாது, ஊருக்குள்ள திரும்புனதும் கரண்ட் கம்பி தாழ்ந்து கெடக்கும், பச்ச வாழமரம் கம்பில தொட்டா அவ்வளவு தான். கூரை மேல ஆள் ஏறுறத பத்தி நான் பேசவே மாட்டேன், எங்க பஸ்ல ஏறுனா பஸ் நிக்கும்.

அடுத்தது லைட்டு. எல்லாருக்கும் சீரியல் செட் மேல ஆசை, எனக்கும் உண்டு, பொழுது சாயுற நேரம் கொளத்தங்கரை வழியா நம்ம பஸ் மினுமினுன்னு வரும்போது ஊர்ல பிள்ளைங்க ஓடி வரும் பாருங்க, அந்த சந்தோசத்துக்கு ஈடே இல்ல. ஆனா அத சரியா செய்யணும். வீட்டுக்கு போடற 230 வோல்ட் செட்ட ஜெனரேட்டர் வச்சு பஸ்ல ஓட்டாதீங்க, பெட்ரோல் ஜெனரேட்டர கூரையிலயோ உள்ளயோ வச்சு ஓட்டுறது தீயோட வெளையாடுற வேலை, உள்ள வச்சா அதோட புகையே ஆள கொன்னுரும். 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் வாங்குங்க. இங்கயும் ஒரு சிக்கல் இருக்கு, வேன்ல பேட்டரி 12 வோல்ட், ஆனா பெரிய பஸ்ல ரெண்டு பேட்டரி சேத்து 24 வோல்ட். எலக்ட்ரீசியன் பையன் அந்த ரெண்டுல ஒண்ணுல மட்டும் வயர் போட்டு 12 வோல்ட் எடுத்துருவான், லைட்டும் எரியும், ஆனா ஒரு பேட்டரி மட்டும் காலியாகி ராத்திரி வண்டி ஸ்டார்ட் ஆகாது, பேட்டரியும் கெட்டுரும். நாங்க என்ன செய்றோம்னா பஸ் பேட்டரிய தொடறதே இல்ல, தனியா ஒரு பேட்டரி கொண்டு போறோம். கணக்கு லேசு தான். ஒரு ஸ்ட்ரிப் 24 வாட்ஸ்னா 2 ஆம்பியர், நாலு ஸ்ட்ரிப் 8 ஆம்பியர், 6 மணி நேரம் எரிஞ்சா 48 ஆம்பியர் ஹவர், அதான் ஏஎச். 100 ஏஎச் பேட்டரி ஒண்ணு தாராளம், பாதிக்கு மேல எறக்காம இருந்தா அது அடுத்த வருசமும் வரும். பேட்டரிய நிமிந்தாப்ல மரப்பெட்டிக்குள்ள வச்சு கட்டுங்க, பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ் போடுங்க, வயர ஜன்னல் ஷட்டர் நசுக்காம பாத்துக்கிடுங்க. ஓடும்போது வெளிய கட்டுன எல்இடி லைட்ட அணைச்சிருங்க, எதுக்க வாரவனுக்கு கண்ண கூசும், போலீசும் பிடிப்பாங்க. ஊர் எல்லைல நிறுத்தி, போட்டுட்டு, மெதுவா உள்ள போங்க.

வெடிக்கட்ட பஸ்ல ஏத்தாதீங்க, ஊர்லயே வாங்கிக்கிடலாம். பின்பக்கம் அவசர வழி கதவு முன்னாடி அரிசி மூட்டை, பாத்திரம் அடுக்காதீங்க. இது ரெண்டும் நான் யாருக்காகவும் விட்டுக்குடுக்காத விஷயம்.

பஸ்ல பாட்டு போடலாமான்னா போடலாம், ஆனா நான் ஒண்ணு சொல்லுதேன், செஞ்சு பாருங்க. பாதி தூரத்துக்கு அப்புறம் பாட்ட நிறுத்திட்டு, இன்னைக்கு வில்லுல எந்த கதைன்னு ஊர்ல கேட்டு வச்சிருப்பீங்கல்ல, அந்த கதைய பஸ்ல இருக்க வயசானவங்கள சொல்ல சொல்லுங்க. மைக் வேண்டாம், நடு சீட்டுல உக்கார வச்சா எல்லாருக்கும் கேக்கும். எங்க பஸ்ல அன்னைக்கு கதை கேட்டு தவிச்ச ஆச்சி தான் அதுக்கப்புறம் கதை சொன்னாங்க. முத்துப்பட்டன் பிராமணப் பையன், செருப்பு தைக்கிறவரோட மக பொம்மக்கா திம்மக்கா ரெண்டு பேரையும் ஆசப்பட்டு, அவங்கள கட்டறதுக்காக பூணூல அறுத்து, தானும் செருப்பு தச்சு, கடைசில மாட்ட களவாங்க வந்தவங்களோட சண்ட போட்டு செத்துப் போனவன். பாபநாசம் மலைக்கு மேல காரையாறு சொரிமுத்தையனார் கோயில்ல பட்டவராயனா இன்னைக்கும் நிக்கான், அவனுக்கு செருப்பு தான் காணிக்கை. இத ஆச்சி வாயால கேட்டுட்டு போற பிள்ளை, வில்லுல தலைமையா பாடற அண்ணாவி பூணூல் எடத்துக்கு வரும்போது எந்திரிச்சு உக்காரும். கதை தெரியாம போற பிள்ளை அரை மணி நேரத்துல போன எடுத்துரும். நான் கண்ணால பாத்த வித்தியாசம் இது.

சீட்டு ஏற்பாட்டுல வயசானவங்க, வாந்தி வரவங்க முன்னாடி, சக்கரத்துக்கு மேல இருக்க சீட்டுல கர்ப்பிணிய உக்கார வைக்காதீங்க. சாப்பாடு புளியோதரை, எலுமிச்ச சாதம், தொட்டுக்க தேங்கா தொவையல், ராத்திரி வரைக்கும் கெடாது. காப்பு கட்டுன ஊருக்கு போறோம், கவிச்சி எதுவும் பஸ்ல வேண்டாம். சித்திரை வைகாசின்னா வழில பதனி, நுங்கு கெடைக்கும், ஒரு பத்து நிமிசம் நிறுத்துங்க. தலைய எண்ணுறதுக்கு ஒரு ஆள போடுங்க, எறங்கி ஏறும் போதெல்லாம் எண்ணட்டும். நாங்குநேரி டோல்ல பாஸ்டேக்ல காசு இருக்கான்னு கெளம்பும்போதே டிரைவர் அண்ணாச்சிட்ட கேட்டுருங்க.

ஊர் வந்துட்டு. பஸ்ஸ எங்க நிறுத்தணும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. கோயில் நடைக்கு நேரா நிறுத்தக்கூடாது, அது எல்லாருக்கும் தெரியும். சொடலை கொடைன்னா சாமி நடுராத்திரில சுடுகாட்டுக்கு வேட்டைக்கு போவாரு, அந்த பாதைல வண்டி நிக்கக்கூடாது, ஹெட்லைட் அடிக்கக்கூடாது, ஆளும் எதுக்க போகக்கூடாது. ஊர்ல வரி பிரிக்கிற பெரியவங்க யாராவது வந்து எடம் காட்டட்டும். ஊருக்குள்ள நுழையும்போதே பஸ் பாட்டு நின்னுரணும். ராத்திரி 10 மணில இருந்து காலை 6 மணி வரைக்கும் வெளிய ஒலிபெருக்கி போடக்கூடாதுன்னு 2000ல வந்த விதியே இருக்கு, விசேஷ நாளுக்கு அரசு தளர்வு குடுத்தாலும் அது நடுராத்திரி வரைக்கும் தான், நாம பஸ் ஸ்பீக்கர போட்டு அதுல வம்பு இழுத்துவிடக் கூடாது. அதவிட பெரிய காரணம், அங்க மண் குடத்து வாய்ல பத்திங்கற மட்டை விழுற சத்தம், உடுக்கை, ஜால்ரா, வில்ல தட்டற வீசுகோல் மணி எல்லாம் எவ்வளவு நுணுக்கம், நம்ம பஸ் ஸ்பீக்கர் டும் டும்னு அடிச்சா அது செத்துரும்.

பந்தல்ல எங்க உக்காரணும்னா வில்லுக்கு நேரா, ஸ்பீக்கருக்கு நேரா இல்லாம, பத்து பன்னெண்டு அடி தள்ளி. பாய் கொண்டு போங்க. பாடறவங்கள்ல நடுவுல அண்ணாவி, வில்ல வீசுகோலால தட்டி பாடறது அவங்க. ஒரு பக்கம் வலம்பாடி, இன்னொரு பக்கம் இடம்பாடி, குடம் அடிக்கறவரோட கைய பாருங்க, ஒரு கைல பத்தி வாய் மேல விழும், இன்னொரு கை குடத்து பக்கத்துல பேசும். மொதல்ல காப்பு, அப்புறம் வருபொருள், குருவடி, அவையடக்கம்னு பாடிட்டு தான் கதைக்கு போவாங்க, கடைசில வாழி. ஆரம்பத்துலயே "கதை எப்ப"ன்னு அலுத்துக்காதீங்க, அந்த மொத அரை மணில தான் காது வில்லுக்கு பழகும். சத்திரம்புதுக்குளத்துல 1928ல பொறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா வில்ல ரேடியோவுக்கும் மேடைக்கும் கொண்டு போனாங்க, 2021ல பத்மஸ்ரீ, 2022 அக்டோபர்ல காலமானாங்க, வெளியூர்காரங்க நெறய பேருக்கு வில்லுன்னா அவங்க தான் ஞாபகம். ஆனா கொடை வில்லு வேற. இங்க பாட்டு சாமிய கூப்பிடற பாட்டு. சாமி வரதுக்கு பாடற வரத்து பாடும்போது தாளம் ஏறும், குடம் ஏறும், நையாண்டி மேளமும் சேரும், எங்கயோ கூட்டத்துல நின்னுக்கிட்டு இருந்த கோமரத்தாடி, அதான் சாமியாடி, ஆட ஆரம்பிப்பாரு. அந்த நேரம் எந்திரிச்சு வழி விடுங்க, முகத்துல லைட் அடிச்சு வீடியோ எடுக்காதீங்க. கணியான் கூத்து வச்சிருந்தா அதையும் விட்டுறாதீங்க, மகுடங்கற தோல்கருவி ரெண்டும் சேந்து அடிக்கற அதிர்வு நெஞ்சுல தெரியும்.

அன்பளிப்பு குடுங்க. பஸ்ல வரும்போதே ஆளுக்கு கொஞ்சம் போட்டு ஒரு கவர்ல வச்சிருங்க, பூ வாங்குன காசுல பாதியாவது வில்லுக்கு போகணும்னு எங்க பஸ்ல ஒரு வழக்கம் ஆக்கிட்டோம். ஒரு ராத்திரி பூரா தொண்டை கிழிய பாடற ஆளுங்க. ஊடால அண்ணாவிக்கு சுக்கு காப்பி கருப்பட்டி போட்டு கொண்டு போய் குடுத்தா அவங்க முகம் மலரும் பாருங்க.

பஸ்ஸு ராத்திரி நமக்கு வீடு. நடு வழில பாய் விரிச்சு சின்னப் பிள்ளைங்கள படுக்க வைங்க, ஜன்னல் ரெண்டு திறந்து, கொசுவத்தி மட்டும் உள்ள வேண்டாம், தோரணம் எல்லாம் காஞ்சு கெடக்கும். ஒரு பெரியாள் கூடவே இருக்கணும், ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தர்னு மாத்திக்கிடுங்க, அப்ப தான் எல்லாரும் வில்லு கேக்க முடியும். சாமக்கொடைக்கு எழுப்பணும்னு சொல்லிட்டு படுத்த பிள்ளைய எழுப்புங்க, எழுப்பலன்னா அடுத்த வருசம் வரைக்கும் சொல்லி சொல்லி அழும்.

டிரைவர் மட்டும் பஸ்ல தூங்க வேண்டாம். சத்தத்துல தூக்கம் வராது. ஊர்ல ஒரு வீட்டுல கட்டில், ஃபேன், 9 மணிக்கே சாப்பாடு குடுத்து படுக்க சொல்லிருங்க. அவரும் வில்லு ரசிகரா இருப்பாரு, எங்களுக்கு வார அண்ணாச்சி அப்படித்தான், "கொஞ்ச நேரம் கேட்டுட்டு போறேன்"ன்னு உக்காருவாரு, 10 மணிக்கு நான் போய் கைய பிடிச்சு எழுப்பி விடுவேன். காலையில 8 மணிக்கு முன்னாடி பஸ்ஸ எடுக்க விடமாட்டோம், யாருக்கு ஆபீஸ் இருந்தாலும் சரி.

கெளம்பறதுக்கு முன்னாடி வாழமரத்த ஊர்லயே அவுத்துருங்க, ராத்திரி பூரா காஞ்சு கட்டு தளந்து இருக்கும், நாலு வழிச்சாலைல விழுந்தா பின்னாடி பைக்ல வாரவன் கதி என்ன ஆகும். குலைய கோயிலுக்கு குடுத்துருங்க, மரத்த மாட்டுக்கு போடுங்க. தோரணத்துல இருந்து நூலையும் கம்பியையும் பிரிச்சு எடுத்துட்டு மிச்சத்த தென்னந்தூர்ல போடுங்க, கொளத்துல வேண்டாம். லைட்ட சுருட்டி பழைய பூண்டு பைல போட்டு மேல வருசம் எழுதி வைங்க. பாளையங்கோட்டைல எறங்கும்போது டிரைவர் பேட்டாவ அவர் கையிலேயே குடுத்துட்டு, ரெண்டு இளந்தாரிய விட்டு பஸ்ஸ கூட்டி விட சொல்லுங்க, கேந்திப்பூ சீட்டு இடுக்குல ஒரு வாரம் கெடக்கும்.